அ. மாதவையா: பெயரிடல் வழி ஒரு வாழ்க்கை

தமிழ் நாவலின் தொடக்கக் காலப் படைப்பாளர்களாக வேதநாயகம் பிள்ளை, ராஜமய்யர் ஆகியோருடன் வைத்து எண்ணப்படுபவர் அ. மாதவையா. திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த பெருங்குளத்தில் 1872ஆம் ஆண்டு பிறந்த இவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, உப்பு மற்றும் ஆயத்தீர்வைத் துறையில் அலுவலரானார். இவர்தம் படைப்புகளில் பெயர் சூட்டுதல் வெறும் புற அடையாளமாக நில்லாமல், சமூகச் சீர்திருத்த நோக்கின் ஒரு கூறாகச் செயற்பட்டுள்ளது.

1892ஆம் ஆண்டு ‘விவேக சிந்தாமணி’ இதழில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்னும் தொடரைத் தொடங்கினார். அது இடையிலேயே நின்றது. பதினோராண்டுகள் கழித்து, 1903இல், அக்கதை ‘முத்துமீனாட்சி’ என்னும் பெயரில் முழு நாவலாக வெளிவந்தது. இளமை மணத்தாலும் கைம்மையாலும் துயருற்று, பின்னர் மறுமணம் புரியும் பெண்ணொருத்தி தன் கதையைத் தானே கூறுவதாக அமைந்தது அந்நாவல். சாவித்திரி என்பது, கணவனின் உயிரை எமனிடமிருந்து மீட்ட புராண மகளின் பெயர். அப்பெயர் நிலைத்திருப்பின், கதைத்தலைவியின் மறுமணம் புராணக் கற்புநெறியின் மறுதலையாகவே வாசிக்கப்பட்டிருக்கும். முத்துமீனாட்சியோ தென்பாண்டி நாட்டு இல்லங்களில் இயல்பாக வழங்கும் பெயர். புராணச் சுமை நீங்கியதால், அவள் தன் வாழ்வைக் கொண்டே மதிக்கப்படும் நிலையை எய்தினாள்.

இதற்கிடையில், ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இல் வெளிவரத் தொடங்கியிருந்தது. அதில் வரும் சிறுகுளம் என்னும் ஊர்ப்பெயர், ஆசிரியரின் பெருங்குளத்தை எளிதில் நினைவூட்டுகிறது. ஊரை மறைத்தும் மறைக்காமலும் காட்டிய இவர், தம் பெயரையும் அவ்வாறே கையாண்டார். ‘தில்லை கோவிந்தன்’ என்னும் ஆங்கில நாவலைப் பம்பா என்னும் புனைபெயரிலும், சிறுகதைகளைக் குசிகர் என்னும் புனைபெயரிலும் வெளியிட்டார். 1915இல் வெளிவந்த ஆங்கில நாவலுக்கு, பாளையங்கோட்டைத் திருச்சபை வரலாற்றில் இடம்பெற்ற கைம்பெண் கிளாரிந்தாவின் திருமுழுக்குப் பெயரையே தலைப்பாக்கினார். கைம்மைக்குப் பின் ஒரு பெண் ஏற்ற புதிய பெயர் அது என்பது கருதத்தக்கது.

பணி ஓய்வுக்குப் பின் மயிலாப்பூரில் சொந்த அச்சகம் நிறுவி நூல்களை வெளியிட்டார். 1924இல் ‘பஞ்சாமிர்தம்’ இதழைத் தொடங்கி, அதில் ‘பத்மாவதி சரித்திர’த்தின் மூன்றாம் பாகத்தை எழுதலானார். பிறர் இதழில் நின்றுபோன கதைக்குப் புதுப்பெயரிட்டு முடித்தவர், தம் இதழில் பழைய பெயரிலேயே தொடர்ந்த கதையை நிறைவு செய்ய இயலவில்லை. 1925 அக்டோபர் 22 அன்று, சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென வாதிட்டுப் பேசிய நிலையில் உயிர் நீத்தார்.

சாவித்திரி முத்துமீனாட்சியாக மாறியது, தமிழ் நாவலின் தலைவி புராண முன்மாதிரியிலிருந்து விடுபட்டுச் சமகாலப் பெண்ணாக உருப்பெற்றதன் சான்றாகும். தொடக்கக் கால நாவல்களின் பெயர் மாற்றங்களைப் பதிப்பு விவரங்களாக மட்டும் கொள்ளாது, கருத்து மாற்றத்தின் தடயங்களாகவும் ஆராய்தல் வேண்டும்.