மிக்கி மவுசை வரைந்த கை

1928-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு ஒரு சின்னக் கார்ட்டூன் படம் வந்தது. பெயர் 'ரைவல் ரோமியோஸ்'. ஆஸ்வால்டு என்ற முயலும் ஒரு தடியனும் ஒரே பெண்ணின் பின்னால் சுற்றுகிறார்கள். கார்களில் போட்டி போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வருகிறார்கள். முயல் காதல் பாட்டுப் பாட வாயைத் திறந்தால், ஒரு ஆடு வந்து இசைக் குறிப்புத் தாளைத் தின்று விடுகிறது. முயல் கலங்கவில்லை. ஆட்டின் வாலைப் பிடித்துச் சுற்ற, பாட்டு வருகிறது! கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, அவள் இருவரையும் உதறிவிட்டு மூன்றாவது ஆள் ஒருவனோடு போய்விடுகிறாள்.

தயாரித்தவர் வால்ட் டிஸ்னி. அந்த முயல் படங்களுக்கு உயிர் கொடுத்த முதன்மை ஓவியர் அப் ஐவர்க்ஸ். படத்தில் நடந்தது போலவே அந்த ஓவியரின் கையையும் இரண்டு பேர் இழுக்கப் போகும் காலம் நெருங்கிக் கொண்டிருந்தது.

ஐவர்க்ஸ் 1901-ம் ஆண்டு மார்ச் 24-ந்தேதி அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் பிறந்தார். தந்தை ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். முடி திருத்தும் தொழிலாளி. குடும்பத்தைத் தவிக்க விட்டுப் போய்விட்டார். தாயைக் காக்கும் பொறுப்பு பையன் தலையில் விழுந்தது. அப்பாவைப் பற்றி அவர் பிற்காலத்தில் பேசவே மாட்டார். அப்பாவைப் பற்றி மட்டுமல்ல, பொதுவாகவே அதிகம் பேசாத மனிதர்.

1919-ல் ஒரு விளம்பர ஓவிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அதே வயதில் இன்னொரு பையன் இருந்தான். ஓவியத்தில் சுமார், பேச்சில் கெட்டிக்காரன். அவன்தான் டிஸ்னி. இருவருக்கும் வேலை போனதும், 1920 ஜனவரியில் கூட்டாக ஒரு தொழில் தொடங்கினார்கள். 'டிஸ்னி-ஐவர்க்ஸ்' என்று பெயர் வைத்தால் மூக்குக் கண்ணாடிக் கடை என்று ஜனங்கள் நினைத்து விடுவார்கள் என்று 'ஐவர்க்ஸ்-டிஸ்னி' என்று வைத்தார்களாம். ஆங்கிலத்தில் 'ஐ' என்றால் கண் அல்லவா! கம்பெனி நெடுநாள் தாக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நட்பு நின்றது. டிஸ்னி கலிபோர்னியாவுக்குப் போனார். 1924-ல் ஐவர்க்சையும் அங்கே வரவழைத்துக் கொண்டார்.

முயல் போனது, எலி வந்தது

1927-ல் பிறந்த ஆஸ்வால்டு முயலுக்கு நல்ல வரவேற்பு. படத்துக்குக் கூடுதல் பணம் கேட்கலாம் என்று 1928-ன் தொடக்கத்தில் டிஸ்னி நியூயார்க் போனார். வினியோகஸ்தர் சார்லஸ் மிண்ட்ஸ், கூட்டித் தருவதற்குப் பதில் குறைத்துத் தருவதாகச் சொன்னார். முயலின் உரிமை டிஸ்னியிடம் இல்லை என்பதையும் எடுத்துக் காட்டினார். அதற்குள் டிஸ்னியின் ஓவியர்களில் பெரும்பாலோரை மிண்ட்ஸ் ரகசியமாகத் தன் பக்கம் இழுத்து ஒப்பந்தம் போட்டிருந்தார். கையெழுத்துப் போட மறுத்தவர்களில் முக்கியமானவர் ஐவர்க்ஸ்.

முயலைப் பிடித்த மிண்ட்சுக்கும் அது நிலைக்கவில்லை. அடுத்த ஆண்டே யூனிவர்சல் கம்பெனி அவரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டது. பிறகு அது வால்டர் லான்ட்சின் கைக்குப் போயிற்று. இங்கேயும் மூன்றாவது ஆள்தான் ஜெயித்தார்.

டிஸ்னி வெறுங்கையோடு திரும்பினார். புதிதாக ஒரு மிருகம் வேண்டும். பிறந்தது மிக்கி மவுஸ். எலிக்குக் குணம் கொடுத்தவர் டிஸ்னி. உருவம் கொடுத்தவர் ஐவர்க்ஸ் என்பது பொதுவான கணக்கு. முதல் படம் 'பிளேன் கிரேசி'. விலகிப் போகவிருந்த ஓவியர்கள் இன்னும் அதே கூடத்தில்தான் வேலை பார்த்துக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் ஐவர்க்ஸ் தனியாக உட்கார்ந்து வரைந்தார். யாராவது வந்தால் எலியின் மேல் முயல் படத்தைப் போட்டு மூடி விடுவார். ஒரே நாளில் 700 படங்கள் வரை வரைந்தார் என்கிறார்கள். நல்ல ஓவியர்களே நாளுக்கு நூறு தாண்டுவது அபூர்வம்.

அடுத்த படத்தில் மிக்கியும் பீட் என்ற முரடனும் மின்னிக்காகக் கத்திச் சண்டை போட்டார்கள். மூன்றாவது படம் 'ஸ்டீம்போட் வில்லி'. ஒலியோடு வந்தது. 1928 நவம்பர் 18-ல் நியூயார்க்கில் திரையிட்டதும் மிக்கி உலகப் புகழ் பெற்றது. தாளைத் தின்னும் ஆடு இந்தப் படத்திலும் உண்டு. வாலைச் சுற்றினால், இந்தத் தடவை காதில் கேட்கிற மாதிரியே பாட்டு வரும். நல்ல வேடிக்கையை ஐவர்க்ஸ் எதற்காக வீணாக்க வேண்டும்?

முதல் மிக்கி படங்களின் தலைப்பு அட்டையில் டிஸ்னியின் பெயருக்குக் கீழே ஐவர்க்ஸ் பெயரும் இருந்தது. ஆனால் ஊர் வாயில் ஒரு பெயர்தான். ஒரு விருந்தில் ஒரு பையன் டிஸ்னியிடம் மிக்கியை வரைந்து கேட்டானாம். ஐவர்க்சை வரையச் சொல்லி, தான் கையெழுத்துப் போடுவதாக டிஸ்னி சொல்ல, ஐவர்க்ஸ் கோபத்தோடு போய்விட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, மனக்கசப்பு உண்மை. ஐவர்க்ஸ் ஒரு அசைவை முதலிலிருந்து கடைசி வரை தானே வரைவார். முக்கியமான நிலைகளை மட்டும் வரைந்துவிட்டு, இடையில் வருவதை உதவியாளர்களுக்கு விடும்படி டிஸ்னி வற்புறுத்தினார். ஐவர்க்ஸ் குறித்து வைத்த கால அளவுகளை ராத்திரியில் வந்து மாற்றியும் வைத்தார்.

அப்போது டிஸ்னி படங்களை வினியோகித்தவர் பாட் பவர்ஸ். 1930 ஜனவரியில் அவரிடம் கணக்குக் கேட்க டிஸ்னி மறுபடி நியூயார்க் போனார். பவர்ஸ் காட்டிய சீட்டு வேறு. ஐவர்க்ஸ் இனி வாரம் 300 டாலர் சம்பளத்தில் தன் ஆள் என்றார். டிஸ்னி நம்பவில்லை. வீட்டிலிருந்து அண்ணன் ராய் அனுப்பிய செய்தி வந்த பிறகுதான் நம்பினார். மிண்ட்ஸ் அழைத்தபோது அசையாத நண்பன், பவர்ஸ் அழைத்தபோது போய்விட்டான்! டிஸ்னி கம்பெனியில் தனக்கிருந்த 20 சதவீதப் பங்கை 2,920 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஐவர்க்ஸ் வெளியேறினார். பின்னாளில் அந்தப் பங்கு பல கோடி டாலர் பெறும்.

சொந்த ஸ்டூடியோவில் 'பிலிப்' என்ற தவளையைப் படைத்தார். பிறகு 'வில்லி வாப்பர்' என்ற புளுகுணிப் பையன். எதுவும் எடுபடவில்லை. படத்தை அசைக்கத் தெரிந்த அளவுக்கு, பார்ப்பவர் மனசில் ஒரு பாத்திரத்தை உட்கார வைக்க அவருக்குத் தெரியவில்லை. அது டிஸ்னியிடம் இருந்த வித்தை. 1936-ல் கடை மூடியது. அடுத்து யாருக்குப் படம் எடுத்துக் கொடுத்தார் தெரியுமா? கொலம்பியாவுக்குக் கார்ட்டூன் தயாரித்த அதே சார்லஸ் மிண்ட்சுக்கு!

திரும்பி வந்தவர்

1940-ல் ஐவர்க்ஸ் டிஸ்னியிடமே திரும்பினார். பழைய சிரிப்பும் பேச்சும் இல்லை என்பார்கள். வேலை உறவு மட்டும். ஆனால் இனிமேல் அவர் பென்சிலைத் தொடுவதாக இல்லை. எந்திரங்கள் பக்கம் போனார். சொந்த ஸ்டூடியோ நடத்திய காலத்திலேயே பழைய செவர்லே காரின் பாகங்களை வைத்து, பல அடுக்குச் சித்திரங்களை ஒன்றாகப் படம் பிடிக்கும் காமிரா செய்தவர் அல்லவா!

அதற்கு முன்பெல்லாம் ஓவியர் காகிதத்தில் வரைந்த ஒவ்வொரு படத்தையும் பெண்கள் மையால் செல்லுலாய்டு தாளில் பிரதி எடுப்பார்கள். ஒரு முழுநீளப் படத்துக்கு லட்சக் கணக்கில் தாள்கள். ஐவர்க்ஸ், செராக்ஸ் எந்திரத்தை இதற்கு ஏற்றபடி மாற்றினார். பென்சில் கோடு அப்படியே செல்லுலாய்டில் ஏறியது. 1961-ல் வந்த 'நூற்றியொரு டால்மேஷியன்கள்' படத்தில் உடம்பெல்லாம் புள்ளியுள்ள நாய்க் கூட்டத்தைத் திரைக்குக் கொண்டுவர முடிந்தது இதனால்தான். 1964-ல் 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் நிஜ நடிகர் சித்திரப் பெங்குவின்களோடு ஆடுகிறாரே, அதிலும் அவர் பங்கு உண்டு. நடிகர்களுக்குப் பின்னால் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் திரை. காமிராவுக்குள் ஒரு பட்டகம் அந்த ஒளியை மட்டும் பிரித்து வேறொரு பிலிமுக்கு அனுப்பிவிடும். அந்த முறைக்காக வேறு இருவரோடு சேர்ந்து 1965-ல் ஆஸ்கர் பெற்றார். ஆப்டிகல் பிரிண்டர் எந்திரத்துக்காக 1960-லேயே ஒன்று வாங்கியிருந்தார். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில் காகங்கள் பாய்ந்து தாக்குவதிலும் இவர் கைவேலை இருக்கிறது.

மிக்கியைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றி விடுவார். பந்து உருட்டும் பௌலிங் ஆட்டத்தில் முழுப் புள்ளி 300 எடுத்தார். அன்றோடு ஆட்டத்தையே விட்டுவிட்டார் என்று சொல்வார்கள்.

டிஸ்னி 1966 டிசம்பரில் காலமானார். ஐவர்க்ஸ் அதே கம்பெனியில் தொடர்ந்து வேலை பார்த்து, 1971-ம் ஆண்டு ஜூலை 7-ந்தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 70.

கைவிட்டுப் போன ஆஸ்வால்டு முயல் 2006-ல் டிஸ்னி கம்பெனிக்குத் திரும்பி வந்தது. விலை பணமல்ல. டிஸ்னியின் டெலிவிஷனில் வேலை பார்த்த ஒரு விளையாட்டு வர்ணனையாளரை எதிர்க் கம்பெனிக்கு விட்டுக் கொடுத்து, வேறு சில உரிமைகளோடு முயலையும் வாங்கிக் கொண்டார்கள்.