இல்லத்தை எழிலாக்கிய வில்லியம் மோரிஸ்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன. இவற்றுள் உறையுள் வெயிலையும் மழையையும் தடுப்பதோடு அமைவதன்று. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர் உடல் ஓய்வதும் உள்ளம் தேறுவதும் ஆங்கேயாம். குழந்தை கண் விழித்து முதன்முதற் காண்பனவும் வீட்டின் சுவரும் கூரையுமே. ஆதலின், வாழும் இல்லம் வலிமையோடு வனப்பும் உடையதாதல் வேண்டும். அவ்வனப்பு செல்வர்க்கு மட்டும் உரியதன்று. மக்கள் அனைவர்க்கும் உரியது. இவ்வுண்மைக்காகத் தம் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்த வில்லியம் மோரிஸ் ஆவார்.

மோரிஸ் 1834ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள், இலண்டன் மாநகரின் வடகிழக்கே உள்ள வால்தம்ஸ்டோ என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் பணத்தரகுத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். செம்புச் சுரங்கம் ஒன்றில் அவர் வாங்கியிருந்த பங்குகளும் குடும்பத்துக்கு மிக்க வருவாய் அளித்தன. மோரிஸ் சிறுவராய் இருந்தபோது அக்குடும்பத்தார் எப்பிங் என்னும் காட்டின் அருகே ஒரு மாளிகையில் குடியேறினர். சிறுவர் மோரிஸ் மட்டக் குதிரையின்மீது ஏறி அக்காட்டில் உலாவுவார். மரங்கள் தளிர்ப்பதையும், கொடிகள் பின்னிப் படர்வதையும், பறவைகள் கிளையினின்று கிளைக்குத் தாவுவதையும் கண்கொட்டாமல் நோக்குவார். பிற்காலத்தில் எண்ணற்ற வீடுகளின் சுவர்களிலும் திரைகளிலும் அவர் படரவிட்ட பூங்கொடிகளுக்கு அக்காடே விளைநிலமாயிற்று.

1847இல் தந்தையார் காலமானார். அப்போது மோரிஸுக்கு வயது பதின்மூன்று. 1851ஆம் ஆண்டில் இலண்டனில் உலகம் வியந்த ஒரு பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. எந்திரங்களாற் செய்யப்பட்ட பொருள்கள் ஆங்குக் குவிந்து கிடந்தன. குடும்பத்தாருடன் சென்ற மோரிஸ், அவற்றைக் காண விரும்பாது வாயிலிலேயே அமர்ந்துவிட்டார் என்று கூறுவர். பதினேழு வயதிலேயே, விரைவும் மலிவும் கருதி உயிரின்றிச் செய்யப்படும் பொருள்கள்பால் அவருக்கு வெறுப்புத் தோன்றிவிட்டது.

பின்னர் அவர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். ஆங்கு எட்வர்டு பர்ன் ஜோன்ஸ் என்பவர் அவருக்கு உயிர்த் தோழரானார். இருவரும் சமயப் பணி புரிவதாகவே முதலில் எண்ணியிருந்தனர். 1855இல் அவர்கள் பிரான்சு நாட்டின் வடபகுதியிற் பயணம் செய்து, பழைய கோயில்களைக் கண்டனர். பெயர் தெரியாத கைவினைஞர் பலர் கூடிக் கல்லிலும் மரத்திலும் கண்ணாடியிலும் அமைத்திருந்த எழில் அவர்தம் உள்ளத்தைக் கவர்ந்தது. கலையே தம் வாழ்வின் பணி என இருவரும் உறுதி பூண்டு திரும்பினர்.

1856இல் மோரிஸ் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். ஆண்டுப் பிலிப் வெப் என்னும் மற்றொரு நண்பர் வாய்த்தார். எனினும் கட்டடம் வரையும் தொழிலில் மோரிஸ் நெடுநாள் நிலைக்கவில்லை, ஓவியத்தை நாடினார். இலண்டனில் தோழருடன் அவர் வாழ்ந்த அறைகளுக்கு நாற்காலியும் மேசையும் வேண்டியிருந்தன. கடைகளில் தேடியும் கருத்துக்கு இசைந்த ஒன்றேனும் கிடைத்திலது. உடனே அவர் தாமே வரைந்து, தச்சர் ஒருவரைக் கொண்டு செய்வித்தார். கிடைப்பதைக் கொண்டு அமையாது, வேண்டுவதைத் தாமே படைத்துக்கொள்ளும் இவ்வியல்பே அவர்தம் வாழ்க்கையின் போக்கை வகுத்தது.

1859இல் மோரிஸ், ஜேன் பர்டன் என்னும் நங்கையை மணந்தார். அவர் குதிரைலாயப் பணியாளர் ஒருவரின் மகள். புதுமணத் தம்பதியர் வாழ்வதற்கெனக் கெண்டுப் பகுதியில் பெக்ஸ்லிஹீத் என்னும் இடத்தில் வெப் ஒரு வீடு கட்டினார். சுவர்களைச் சுதை பூசி மறைப்பதே அந்நாளில் நாகரிகமாகக் கருதப்பட்டது. வெப்போ செங்கல்லைச் செங்கல்லாகவே விளங்கவிட்டுச் சிவந்த ஓடு வேய்ந்தார். அதனால் அது செவ்வில்லம் என்று பெயர் பெற்றது. ஆங்கு நின்ற ஆப்பிள் மரங்களை இயன்றவரை வெட்டாது காத்தே அவ்வீடு எழுப்பப்பட்டது.

வீடு எழுந்தபின் அதனை அணிசெய்யும் பணி தொடங்கிற்று. நண்பர்கள் ஒன்றுகூடிச் சுவர்களில் பழங்கதைகளை ஓவியமாகத் தீட்டினர். மேற்கூரையின் உட்புறத்திலும் கோலங்கள் வரைந்தனர். ஜேன் அம்மையார் தடித்த நீலத்துணி ஒன்றை வாங்கி வர, அதன்மேல் எளிய பூச்செடிகளைத் தைத்துச் சுவர்த்திரையாகத் தொங்கவிட்டனர். உழைப்பும் சிரிப்பும் அவ்வீட்டில் ஒருங்கே ஒலித்தன. மகிழ்ச்சியோடு செய்யும் தொழிலே அழகைப் பிறப்பிக்கும் என்பதை மோரிஸ் ஆங்கே கண்டறிந்தார்.

நமக்கெனச் செய்ததைப் பிறர்க்கும் செய்தால் என்ன என்ற எண்ணம் இதிலிருந்தே எழுந்தது. 1861இல் மோரிஸும் நண்பர்களுமாக எழுவர் கூடி ஒரு தொழில் நிறுவனம் தொடங்கினர். வண்ணக் கண்ணாடிச் சாளரம், மரப்பொருள், பூத்தையல், சுவரில் ஒட்டும் ஓவியத்தாள் முதலிய அனைத்தையும் அவர்கள் செய்து தந்தனர். அடுத்த ஆண்டு நடந்த பன்னாட்டுப் பொருட்காட்சியில் அவர்தம் பொருள்கள் பரிசு பெற்றன. ஆயினும் இலண்டனுக்கு நாள்தோறும் சென்று வருவது மோரிஸின் உடல்நிலைக்கு ஒவ்வாததாயிற்று. சுரங்க வருவாயும் குறைந்தது. 1865இல் அவர் செவ்வில்லத்தை விற்றுவிட்டுத் தொழிற்கூடத்தின் மாடியிற் குடியேறினார். ஆசையோடு அமைத்த அவ்வீட்டைப் பின்னர் ஒருமுறையேனும் சென்று காண அவர் மனம் துணியவில்லை. 1875இல் கூட்டு நிறுவனம் கலைந்து, முழுவதும் அவர் பொறுப்பாயிற்று.

மோரிஸின் பெயரை உலகெங்கும் பரப்பியவை அவருடைய சுவர்த்தாள்களே. அவர் 1862இல் வரைந்த முதற் கோலம், தம் தோட்டத்துக் கழிச்சட்டத்தில் ரோசாக்கொடி படர்ந்த காட்சியாகும். பறவைகளை வரைவதில் தமக்குத் திறம் போதாது எனக் கருதி, அவற்றை மட்டும் வெப்பைக்கொண்டு வரைவித்தார். அறியாததை அறிந்தவரிடம் விடுவதும் கலைஞர்க்கு அழகன்றோ! சுவர்த்தாளில் ஒரே கோலம் மீண்டும் மீண்டும் வரும். ஆனால் ஒரு கோலம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடம் கண்ணுக்குப் புலப்படாதவாறு கொடியை வளைத்து ஓடவிடும் நுட்பத்தில் மோரிஸ் கைதேர்ந்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி மரக்கட்டைகளைச் செதுக்கிக் கையால் அழுத்தி அச்சிட்டனர். 1875இல் வெளிவந்த அகாந்தஸ் என்னும் இலைக்கோலத்திற்கு முப்பது கட்டைகளும் பதினைந்து வண்ணச் சாயல்களும் தேவைப்பட்டன.

துணிகளுக்கு நல்ல சாயம் கிடையாமை அவரை வருத்திற்று. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த செயற்கைச் சாயங்கள் அக்காலத்திற் பெருகியிருந்தன. அவை கண்ணைக் கூசச் செய்ததோடு விரைவில் வெளுக்கவும் செய்தன. எனவே மோரிஸ் பழைய மூலிகை நூல்களைப் படித்தார். லீக் என்னும் ஊரில் இருந்த தாமஸ் வார்டில் என்பவரின் சாயச்சாலைக்குச் சென்றார். செல்வர் வீட்டில் பிறந்தவர் அங்கே மேலங்கியைக் கழற்றிவிட்டுச் சாயத்தொட்டியில் இறங்கி உழைத்தார். பல நாள்வரை அவர் கைகள் நீலநிறம் மாறாமல் இருந்தன. அவுரியிலிருந்து நீலமும், மஞ்சிட்டி இனத்துச் செடியின் வேரிலிருந்து சிவப்பும், வாதுமை இனத்து மரத்திலிருந்து பழுப்பும் பெறும் முறைகளை அவர் மீட்டெடுத்தார். அவுரி நம் நாட்டிலிருந்து பண்டு தொட்டு மேலைநாடு சென்ற பொருளாகும். பூக்கோலம் பொறித்த பருத்தித் துணியும் பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரை முதலிய இடங்களிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்று மக்களின் மனத்தைக் கவர்ந்ததே.

1881இல் வாண்டில் ஆற்றங்கரையில் மெர்ட்டன் அபே என்னும் இடத்தில் தம் தொழிற்சாலையை அமைத்தார். மரங்களும் பூஞ்செடிகளும் சூழ, நல்ல வெளிச்சத்தில் தொழிலாளர் வேலை செய்தனர். அங்கேதான் அவுரி முயற்சி முழுவெற்றி பெற்றது. முதலில் துணி முழுவதையும் நீலத்தில் தோய்ப்பர். பின்னர், வேண்டிய இடங்களில் நீலத்தை நீக்கும் மருந்தைக் கட்டையால் அச்சிட்டு, அவ்விடங்களில் பிற நிறங்களைப் பதிப்பர். 1883இல் இம்முறையில் எழுந்ததே ஸ்ட்ராபெரித் திருடன் என்னும் புகழ்பெற்ற துணி. கெல்ம்ஸ்காட் என்னும் சிற்றூரில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அத்தோட்டத்துப் பழங்களைப் பறவைகள் களவாடுவதைக் கண்ட அவர், அக்களவையே கலையாக்கிவிட்டார்.

நெசவையும் அவர் தாமே கற்றார். படுக்கையறையிலேயே தறியை நிறுவி, விடியுமுன் எழுந்து நெய்தார். 1879இல் ஓர் ஓவியத்திரையை நெய்து முடிக்க 516 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார் என்பது அவர் எழுதிவைத்த குறிப்பால் விளங்குகிறது.

அவர்தம் நிறுவனத்தின் புகழ் அரண்மனை வரை எட்டிற்று. 1866ஆம் ஆண்டளவில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் இரண்டு அறைகளை அணிசெய்யும் பணி கிடைத்தது. அதே காலத்தில் தெற்குக் கென்சிங்டன் அரும்பொருட் காட்சிச்சாலையின் பச்சை உணவறையையும் அவர்கள் ஒப்பனை செய்தனர். சுவரில் இலைக்கிளைகள் புடைத்துத் தோன்ற, சாளரங்களில் வண்ணக் கண்ணாடி ஒளிர, அவ்வறை இன்றும் மக்கள் அமர்ந்து சிற்றுண்டி அருந்தும் இடமாக விளங்குகின்றது.

புகழ் பெருகப் பெருக மோரிஸின் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. கையால் நெடுநாள் உழைத்துச் செய்யும் பொருளுக்கு விலை மிகுதி. அவ்விலை கொடுக்க வல்லவர் செல்வரே. கோரைப்புல் இருக்கையுள்ள எளிய நாற்காலி போன்ற சில பொருள்களே நடுத்தர மக்களின் வீடுகளை எட்டின. இரும்புத் தொழில் அதிபர் ஒருவரின் மாளிகையை அணிசெய்துகொண்டிருந்தபோது, மோரிஸ் நிலைகொள்ளாது அங்குமிங்கும் நடந்தாராம். வீட்டுக்குரியவர் காரணம் வினவ, செல்வரின் ஆடம்பரத்துக்கே தம் வாழ்நாள் கழிகின்றதே என்று சினந்து கூறினார் என்பர்.

அவர்தம் வாழ்வில் மற்றுமொரு முரண்பாடும் உண்டு. அவர் குடும்பத்துக்கு வருவாய் அளித்த சுரங்கம் செம்போடு பாடாணம் என்னும் நஞ்சையும் பெருமளவில் எடுத்து விற்றது. அவருடைய தொடக்ககாலச் சுவர்த்தாளின் பச்சை நிறத்தில் பாடாணம் கலந்திருந்தமை 2003ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. அக்காலத்துப் பலரைப்போல அவரும் அத்தீங்கைப் பெரிதாகக் கருதினாரிலர். பெரியோரிடத்தும் குறை காணப்படுதல் உண்டு. அதனை மறைத்தல் வரலாறு ஆகாது.

ஆயினும் நெஞ்சை உறுத்திய வினாவை மோரிஸ் மறந்துவிடவில்லை. உழைப்பவன் வறுமையிலும் அழுக்கிலும் உழலும் நாட்டில் கலை தழைக்காது என்று துணிந்தார். 1883இல் சமவுடைமை இயக்கத்திற் சேர்ந்தார். தெருமுனைகளில் நின்று ஏழைத் தொழிலாளரிடையே பேசினார். முன்னர்க் கம்பளம் நெய்த தம் வீட்டு வண்டிக்கொட்டகையைச் சொற்பொழிவுக் கூடமாக மாற்றினார். அரண்மனைக்கு அணிசெய்தவர் இப்படித் தெருவில் நிற்பதைக் கண்டு நண்பர் சிலரும் வருந்தினர், அவரோ தளர்ந்திலர். வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் பயனாலேனும் அழகாலேனும் தன் இடத்துக்குத் தகுதி பெற வேண்டும் என்பதும், வீண்பொருள்களைக் குவிப்பது அழகாகாது என்பதும் அவர்தம் சொற்பொழிவுகளின் சாரமாகும். இவ்வறிவுரையைப் பின்பற்றப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. செல்வரோடு ஏழையரும் கைக்கொள்ளத் தக்க செல்வமாக மோரிஸ் அளித்தது இதுவே எனலாம்.

கவிஞராகவும் மோரிஸ் புகழ்பெற்றார். பழைய கட்டடங்கள் சிதையாமற் காக்க 1877இல் ஒரு கழகம் நிறுவினார். 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கி, எழுத்தும் தாளும் அழகுற அமைந்த நூல்களை வெளியிட்டார். ஓய்வறியா உழைப்பு உடலை வாட்டியது. 1896ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள், தம் அறுபத்திரண்டாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அவர்தம் உடலை, இலைதழைகளால் அணிசெய்த உழவர் வண்டி ஒன்றில் ஏற்றிச் சென்று கெல்ம்ஸ்காட் சிற்றூரில் அடக்கம் செய்தனர். ஆடம்பரத்தை வெறுத்த அழகுக் கலைஞருக்கு அதனினும் தக்க இறுதி ஊர்தி வேறு யாதுளது!

வால்தம்ஸ்டோவில் அவர் இளமையில் வாழ்ந்த வீடு 1950இல் அவர் பெயரால் கலைக்கூடம் ஆயிற்று. செவ்வில்லம் 2003 முதல் பொது அறநிறுவனம் ஒன்றின் காவலில் உள்ளது. அவர் வகுத்த கோலங்களோ இன்றும் அச்சிடப்பட்டுப் பல நாட்டு வீடுகளை அணிசெய்கின்றன. எனினும் எல்லார் இல்லத்திலும் எழில் குடிகொள்ள வேண்டும் என்ற அவர் அவா இன்னும் முற்றும் நிறைவேறவில்லை. நாம் இருக்கும் இடத்தைத் தூய்மையாக்கி, வேண்டாதன நீக்கி, ஒரு பொருளையேனும் நம் கையால் மகிழ்ந்து செய்து வைப்போமாயின், அப்பணியில் நமக்கும் பங்கு உண்டாகும்.