நரியின் சொல்லும் காக்கையின் செவியும்

பாலர் வகுப்பிலே காக்கையும் நரியும் கதையை ஒருநாள் சொல்லி முடித்தபின், இவ்விரண்டனுள் எதுவாயிருக்க விருப்பமென்று பிள்ளைகளை வினாவினேன். நரியாயிருக்கவே பெரும்பாலார் விரும்பினர். புகழ்ச்சிக்கு மயங்காதிருக்கக் கற்பிக்க எண்ணினேன். புகழ்ந்து பறிக்கவோ கற்பித்துவிட்டேன் என்று என் மனம் வருந்தியது. அப்பொழுது அக்கதையைப் பிரஞ்சு மொழியிற் பாடிய லா பொன்தேன் என்னும் புலவரின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

அவர் 1621ஆம் ஆண்டு சாத்தோ தியெரி என்னும் ஊரிலே பிறந்தார். அரசனுடைய நிதியமைச்சராகிய பூக்கே என்பார் அவரை ஆதரித்துப் பொருளுதவி புரிந்தார். பூக்கேயின் செல்வம் ஓங்கிய காலத்தில் அவரைப் புகழ்வார் கூட்டமும் ஓங்கியது. 1661இல் பதினான்காம் லூயி மன்னன் அவரைச் சிறைப்படுத்தினான். புகழ்ந்தவருட் பலர் விலகினர். லா பொன்தேனோ விலகாது, மன்னனிடம் இரக்கம் வேண்டிச் செய்யுள் இயற்றினார். அது பயன்தரவில்லை, பூக்கே 1680இற் சிறையிலேயே இறந்தார்.

1668இல் வெளிவந்த முதற் கதைத்தொகுதியை, ஆறு வயதினனாகிய அம்மன்னனின் மைந்தனுக்கே புலவர் சமர்ப்பித்தார். அதில் இரண்டாவது கதை காக்கையும் நரியும். அங்கே காக்கையின் அலகில் இருப்பது வடையன்று, பாற்கட்டி. அக்கதையில் நீதி உரைப்பது நரியே. உரைத்த நீதிக்குக் கூலியாகப் பாற்கட்டியைக் கொள்வதும் அதுவே. முகத்துதி மலிந்த அரசவையில் வளரும் சிறுவனுக்கு இதனினும் வேண்டிய பாடம் யாது?

1678இல் வந்த தொகுதியிலே, பில்பே என்னும் இந்திய ஞானிக்குத் தாம் பெரிதும் கடன்பட்டமையைப் புலவர் ஒப்புக்கொண்டார். நம் பஞ்சதந்திரமே பாரசீக, அரபு மொழிகளின் வழியாக அப்பெயருடன் அங்கே சென்றடைந்தது.

புலவர் குறையற்றவரல்லர். மனைவியையும் மகனையும் புறக்கணித்தார். புரவலர் இல்லங்களிலே உண்டு, அவரைப் புகழ்ந்தும் பாடினார். 1683இற் பிரஞ்சுக் கழகம் அவரைத் தெரிந்தெடுத்தபோதும், மன்னன் தன் இசைவை 1684 வரை தாழ்த்தினான். 1695இல் அவர் மறைந்தார்.

பிள்ளைகள் காக்கையை நகைத்து நரியை விரும்புவர் என்று ரூசோ 1762இல் இக்கதையைக் கண்டித்தார். என் வகுப்பு அவருக்குச் சான்றாயிற்று. ஆயினும் யான் கதையை விடவில்லை. அதனை மறுபடியும் சொல்லி, உடன் பூக்கேயின் வீழ்ச்சியையும் புலவரின் செய்யுளையும் சொன்னேன். புலவர் காக்கையோ நரியோ என்று வினாவினேன். வகுப்பு நெடுநேரம் பேசாதிருந்தது. பாற்கட்டி போன பின்பும் காக்கையோடு இருந்தவர் அவர் என்று ஒரு சிறுவன் மெல்லக் கூறினான்.

நீதிக்கதை நரியின் வெற்றியோடு முடிகின்றது. ஆசிரியன் அங்கே முடித்தலாகாது என்பதை அச்சிறுவனிடமிருந்தே கற்றேன்.