டேனியல் மெக்டூகல்

டேனியல் டிரெம்ப்ளி மெக்டூகல் (1865 - 1958) பாலைவனத் தாவரங்களை ஆய்வு செய்த அமெரிக்கத் தாவரவியலாளர் ஆவார். இந்தியானா மாநிலத்தின் லிபர்ட்டி என்னும் ஊரில் பிறந்தார்.

பாலைவன ஆய்வுக்கூடம்

நியூயார்க் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய காலத்தில், 1903 ஆம் ஆண்டில், பிரெடரிக் கோவில் என்பவருடன் இணைந்து கார்னகி நிறுவனத்தின் பாலைவன ஆய்வுக்கூடத்துக்கு இடம் தேடிப் பயணம் செய்தார். அரிசோனாவில் டூசான் நகரை அடுத்துள்ள டுமமோக் குன்று தெரிவு செய்யப்பட்டது. 1906 முதல் அங்கிருந்து ஆய்வுகளை வழிநடத்தினார். மரத்தண்டின் பருமன் மாறுவதைத் தொடர்ந்து பதியும் டென்ட்ரோகிராப் என்னும் கருவியை உருவாக்கியவரும் இவரே.

குன்றின் கொடி

இக்குன்றில் இவர் சேகரித்த தாவரங்களுள், சிறு பூக்களும் சிவந்த கனிகளும் உடைய, வெள்ளரிக் குடும்பத்துக் கொடி ஒன்றும் இருந்தது. அதன் உலர்த்திய மாதிரியைக் கொண்டு ஜோசப் நெல்சன் ரோஸ் 1912 இல் புதிய பேரினம் ஒன்றை விவரித்தார். குன்றின் பெயரும் சேகரித்தவரின் பெயரும் இணைந்து, அது டுமமோகா மெக்டூகலீ எனப் பெயர் பெற்றது.

கோடை மழைக்குப் பின் கிழங்கிலிருந்து முளைத்து, பிற செடிகளின் நிழலில் படர்வதால் இக்கொடி எளிதில் கண்ணில் படுவதில்லை. எனவே மிக அரியதெனக் கருதப்பட்டு, 1986 இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அமெரிக்க அரசால் அறிவிக்கப்பட்டது. பின்னர் நடந்த தேடல்களில் அரிசோனாவிலும் மெக்சிக்கோவின் சொனோராவிலும் பல இடங்களில் கண்டறியப்பட்டதால், 1993 இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.