ஜோர்ஜ் பிளிப்பின்: ஆடாது பெற்ற வெற்றி

கல்லூரி விளையாட்டுகளின் வரலாற்றிலே கடுமையாகப் பொருது பெற்ற வெற்றிகள் பல. பந்தைத் தொடாமலே பெற்ற வெற்றியொன்றும் உண்டு. அதற்குக் காரணராய் அமைந்த ஜோர்ஜ் பிளிப்பின் என்னும் பெருமகனின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். மாணவரை ஆடுகளத்துக்கு அனுப்பும் எம்மனோர் சிந்தித்தற்குரிய வாழ்க்கை அது.

பிளிப்பின் 1868ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு அப்பொழுது மூன்றாண்டுகளே கழிந்திருந்தன. அவருடைய தந்தையாரும் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவரே. அவர் உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையிற் பணிபுரிந்து, பின்னர் வைத்தியரானார்.

நெப்ராஸ்கா சர்வகலாசாலையிற் கற்ற பிளிப்பின் 1891ஆம் ஆண்டில் அதன் உதைபந்தாட்ட அணியில் இடம்பெற்றார். அந்நாட்டவர் உதைபந்தாட்டம் என்பது நாம் ஆடுவது போன்றதன்று. றக்பி ஆட்டத்தைப் போலப் பந்தைக் கையிலேந்தி எதிரணியை ஊடறுத்து ஓடுவது. அதற்கு வேண்டிய உடல்வலியும் நெஞ்சுறுதியும் பிளிப்பினிடம் ஒருங்கே அமைந்திருந்தன.

அவ்வாண்டின் இறுதியில் அயோவா, கான்சஸ், மிசூரி, நெப்ராஸ்கா ஆகிய நான்கு சர்வகலாசாலைகளும் கூடி, தமக்குள் ஒழுங்காகப் போட்டிகளை நடாத்தும் பொருட்டு ஒரு சங்கத்தை அமைத்தன. மேற்கு மாநிலச் சர்வகலாசாலைகளின் உதைபந்தாட்டச் சங்கம் என அதனைக் கூறலாம். வரவேண்டிய அணி களத்திற்கு வாராவிடின், மற்றை அணிக்கே வெற்றி என்பது ஆட்ட முறை.

1892ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நெப்ராஸ்காவும் மிசூரியும் ஒமாகா நகரில் மோதுவதாக இருந்தது. மிசூரி, போருக்கு முன் அடிமைமுறை நிலவிய மாநிலம். கறுப்பினத்தவர் ஒருவர் இடம்பெறும் அணியுடன் ஆட அதன் அணியினர் மறுத்தனர். நெப்ராஸ்கா அணி பிளிப்பினை விலக்கவில்லை. ஆட்டம் நடைபெறவில்லை. ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் நெப்ராஸ்காவுக்கு வெற்றி பதியப்பட்டது. அடுத்த ஆண்டில் மிசூரி மீண்டும் நெப்ராஸ்காவுடன் ஆட வந்தது.

ஆயினும் இழிவுகள் ஒழிந்தபாடில்லை. தோழர் பிளிப்பினைத் தம் தலைவராகத் தெரிந்தபோது பயிற்றுநர் அதனை ஏற்கவில்லை. களத்தில் மறுக்கப்பட்ட தலைமை கலைக்கூடத்திற் கிடைத்தது. சர்வகலாசாலையின் பலேடியன் இலக்கியச் சங்கத்துக்கு அவர் தலைவரானார். 1894ஆம் ஆண்டுடன் அவருடைய ஆட்டம் நிறைவுற்றது. அவ்வாண்டு முதலிடத்தைப் பங்கிட்டுக்கொண்ட அணிகளுள் நெப்ராஸ்காவும் ஒன்று.

சங்கமோ நெடுங்காலம் வாழவில்லை. 1897ஆம் ஆண்டின் ஆட்டங்களோடு அது கலைந்தது. அந்நான்கு சர்வகலாசாலைகளும் உட்பட்ட மிசூரிப் பள்ளத்தாக்குச் சங்கம் 1907ஆம் ஆண்டிலேதான் தோன்றியது. கவலைக்குரியது யாதெனில், 1913ஆம் ஆண்டின் பின் 1950களின் தொடக்கம் வரை நெப்ராஸ்கா அணியிற் கறுப்பினத்தவர் எவரும் இடம்பெறாமையே. ஒருமுறை காத்த நீதியை அடுத்த தலைமுறையும் காக்கும் என்பதற்கு உறுதியில்லை என இதனால் அறிகின்றோம்.

பிளிப்பின் 1900ஆம் ஆண்டிலே சிக்காகோவில் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் நெப்ராஸ்காவில் சுவீடிய நாட்டவர் பெருவாரியாகக் குடியேறிய ஸ்ட்ராம்ஸ்பேர்க் என்னும் சிற்றூரில், தந்தையாரோடு தங்கிப் பணிபுரிந்தார். அவ்வூரின் முதல் வைத்தியசாலையை நிறுவினார். ஒரு காலத்தில் அவரோடு களத்தில் நிற்கவே மறுத்தது ஒரு வெள்ளையர் அணி. இங்கோ வெள்ளையர் தம் உயிரையே அவர் கையில் ஒப்படைத்தனர். இதனினும் பெரிய வெற்றி எது? 1929ஆம் ஆண்டில் அவர் அவ்வூரிலேயே காலமானார். நெப்ராஸ்கா உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் 1974ஆம் ஆண்டில் இடம்பெற்றது.

கிண்ணங்கள் மங்கும், சங்கங்கள் கலையும். தோழன் ஒருவன் பிறப்பால் இகழப்படும்போது அவனைக் கைவிடாது நின்ற அணியின் பெருமை மங்குவதில்லை. பழைய மாணவர்காள்! நும் மைந்தர் ஆடுகளம் புகும்போது, வெற்றிக்கு வாழ்த்துவதோடு இதனையும் சொல்லி அனுப்புவீராக.