பிலிப் ஃபெராரியும் அவர் திரட்டிய அஞ்சல்தலைகளும்

1876ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. அதன்பின் கொழும்புக்குச் செல்லும் கடிதங்கள் இரயிலில் இவ்வூரை அடைந்து, இங்கே தோணியில் ஏறி, கரைக்கடல் ஆழமின்மையால் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்ற நீராவிக் கப்பலைச் சேர்ந்தன. 1914இல் தனுஷ்கோடியையும் தலைமன்னாரையும் இணைக்கும் கப்பல் வழி திறக்கப்படும் வரை அக்கரைக்கும் இக்கரைக்கும் தபால் வழியாகத் தூத்துக்குடியே விளங்கிற்று. அக்கரைக் கடித உறைகளில் விக்டோரியா அரசியின் முகம் பொறித்த இலங்கை அஞ்சல்தலைகள் ஒட்டப்பட்டிருந்தன. இலங்கையின் முதல் அஞ்சல்தலை 1857இல் வெளிவந்த ஆறு பென்சுத் தலை. அடுத்த சில ஆண்டுகளில் எண்கோண வடிவில் நான்கு பென்சு, எட்டு பென்சு, ஒன்பது பென்சு எனப் பிறவும் வந்தன. கிழிப்பதற்குத் துளை வரிசை இல்லாத காலம் அது. கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டும். வெட்டியவர் பலர் எண்கோணத்தின் ஓரத்தை ஒட்டியே கத்தரித்துவிட்டனர். நான்கு புறமும் வெள்ளை விளிம்பு குன்றாத நான்கு பென்சுத் தலை இன்று ஆணிமுத்தினும் அரிது.

கடிதத்தைப் படித்தவர்க்கு உறை குப்பை. அந்தக் குப்பையை உலகின் எல்லாத் துறைமுகங்களிலிருந்தும் தேடிப் பிடித்து, தம் செல்வத்தையும் வாழ்நாளையும் அதற்கே கொடுத்த ஒருவர் அப்போது பாரிஸ் நகரில் வாழ்ந்துகொண்டிருந்தார். பிலிப் ஃபெராரி என்பது அவர் பெயர். அவரளவு நிறைவான அஞ்சல்தலைத் திரட்டு அவருக்கு முன்னும் பின்னும் தனி மனிதர் எவரிடமும் இருந்ததில்லை என்பது அத்துறை அறிந்தோர் கருத்து.

அவர் பிறந்தது 1850 ஜனவரி 11 அன்று. உலகின் முதல் அஞ்சல்தலையான ஒரு பென்னிக் கறுப்புத் தலை இங்கிலாந்தில் புழக்கத்திற்கு வந்து அப்போது பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஆகவே, தாம் சேகரித்த பொருளோடு சேர்ந்து வளர்ந்தவர் அவர். 1840இல் தொடங்கி ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளைச் சேகரிப்பாளர்கள் செவ்வியல் காலம் என்பர். அஞ்சல்தலை எப்படி இருக்க வேண்டும் என்று எவர்க்கும் தெரியாத காலம் அது. கல்கத்தாவில் 1854இல் நில அளவைத் துறையின் தூலியர் கல்லச்சில் அச்சிட்ட நான்கணாத் தலைக்குச் சிவப்புச் சட்டம், நீல முகம் என இரு நிறங்கள். தாளைத் திருப்பிவைத்து அச்சிட்டதால் சிலவற்றில் அரசியார் தலைகீழாக நிற்கிறார். மொரீஷியஸ் தீவில் 1847இல் இரு வகைத் தலைகளை ஐந்நூறு ஐந்நூறாக அச்சிட்டனர். இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அத்தீவிலிருந்து பம்பாய்க்கு வந்த ஓர் உறை, அத்தகைய தலைகள் இரண்டு ஒட்டப்பட்டதாய், பம்பாய்க் கடைத்தெருவில் பிற்காலத்தில் அகப்பட்டது. கைத்தொழிலின் பிழையும் வழக்கமும் ஒவ்வொரு தாளிலும் படிந்திருந்தமையால்தான் அக்காலத் தலைகளுக்கு இவ்வளவு மதிப்பு.

ஃபெராரியின் தந்தை இரஃபயேல் தெ ஃபெராரி, கலியேரா கோமகன், ஜெனோவா நகரத்தவர். இரயில் பாதைகளிலும் வங்கிகளிலும் முதலிட்டு ஐரோப்பாவின் பெருஞ்செல்வருள் ஒருவரானவர். அவர் செய்த செயல்களுள் ஒன்று தூத்துக்குடி மக்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது. ஜெனோவாத் துறைமுகம் பெருகிவரும் கப்பல்களுக்குப் போதாமற்போனபோது, அதனை விரிவாக்க 1875இல் இருநூறு இலட்சம் லீராவைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். இங்கே ஆழ்கடல் துறைமுகத்துக்கு ஊரார் நூறாண்டுக்கு மேல் காத்திருந்து, 1974இல்தான் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதுவரை சரக்கு முழுவதையும் தோணிகளே சுமந்தன. அங்கே ஒரு தனி மனிதரின் கொடை அலைதடுப்புச் சுவரை எழுப்பிவிட்டது. தாயார் மரியா பிரிஞ்ஞோலே சாலேயும் வாரி வழங்கியவரே. ஜெனோவாவில் மருத்துவமனையும் பாரிஸில் கலியேரா மாளிகையும் அவர் பெயரை இன்றும் சொல்கின்றன.

இத்தகைய குடும்பத்தின் ஒரே வாரிசாக எஞ்சிய மகன், 1876இல் தந்தை மறைந்தபோது, கோமகன் பட்டத்தை ஏற்க மறுத்தார். குடும்பச் சொத்தில் பெரும்பகுதியையும் வேண்டாம் என்றார். பெயரின் கடைசி எழுத்தைக்கூட மாற்றி எழுதிக்கொண்டார். ஆஸ்திரியப் படை அதிகாரி ஒருவர் அவரைத் தத்தெடுத்தார். அதன்வழி ஆஸ்திரியக் குடியுரிமையும் லா ரெனோத்தியேர் என்ற இன்னொரு பெயரும் வந்தன. 1908இல் சுவிட்சர்லாந்தின் குடிமகனாகவும் ஆனார். இத்தாலியத் தந்தைக்குப் பிரான்சில் பிறந்து, ஆஸ்திரியராகி, சுவிஸ்காரரும் ஆன இம்மனிதருக்கு எந்த நாட்டின்மீது பற்று என்று கேட்டால், எல்லா நாட்டு அஞ்சல்தலைகளின்மீதும் என்றே விடை கூற வேண்டும். குடியுரிமை அவருக்கு மேற்சட்டை போன்றது. அந்தச் சட்டை எவ்வளவு கனமானது என்பது பின்னால்தான் தெரிந்தது.

பாரிஸில் அவர்கள் வாழ்ந்த மாட்டினியோன் மாளிகையைத் தாயார் ஆஸ்திரியப் பேரரசுக்கு எழுதிவைத்தார். 1888இல் அவர் மறைந்தபின் அது ஆஸ்திரியத் தூதரகமாயிற்று. 1935 முதல் பிரெஞ்சுப் பிரதமரின் அலுவலகமாக இருப்பதும் அதுவே. தூதரகமான பின்னரும் ஃபெராரி அதன் ஒரு பகுதியிலேயே வாழ்ந்தார். எளிய உடை, விருந்துகளில் நாட்டமின்மை, திருமணமில்லா வாழ்வு. பத்து வயதளவில் தொடங்கிய சேகரிப்பு மட்டுமே அவருடைய உலகம். 1874இல் பியேர் மாஹே என்ற தலை வணிகரைத் திரட்டின் காப்பாளராக அமர்த்திக்கொண்டார். மாஹே 1913இல் இறக்கும் வரை அப்பணியில் இருந்தார்.

அவர் வாங்கிய முறையைச் சொல்ல முத்துக்குளித்துறையின் ஏலத்தை நினைவூட்டுவது பொருந்தும். 1955 முதல் 1961 வரை இக்கடற்கரையில் நடந்த முத்துக்குளிப்பு வரை வழக்கம் ஒன்றே: சிப்பியைத் திறவாமலேயே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள், எடுத்தவர் அதைக் கொட்டில் அழுகவிட்டுக் கழுவிப் பார்க்கும்போதுதான் முத்து உண்டா, வெறுஞ்சிப்பியா என்பது தெரியும். ஃபெராரியும் புகழ்பெற்ற திரட்டுகளை முழுசு முழுசாக வாங்கினார். 1882இல் இங்கிலாந்தின் நீதிபதி பில்பிரிக்கிடமிருந்து வாங்கிய திரட்டுக்கு எட்டாயிரம் பவுன் கொடுத்தார். அக்காலத்தில் அது கேள்விப்படாத தொகை. தனித் தலைகளுக்கோ கையில் பணத்துடன் நகரம் நகரமாக அலைந்தார். கேட்ட விலையைப் பேரமின்றிக் கொடுத்தார்.

பேரம் பேசாத செல்வர் ஒருவர் இருக்கிறார் என்றால் போலி செய்பவர்கள் சும்மா இருப்பார்களா? இல்லாத நிறத்திலும் இல்லாத மதிப்பிலும் தலைகள் அவருக்கென்றே செய்யப்பட்டன. சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு அவர் பெயரைக் கொண்டே ஒரு கேலிப் பெயர் இட்டனர். அவர் ஏமாளி என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் பல வேளைகளில் ஐயத்தோடேயே அவர் வாங்கினார் என்பதே பொருத்தமான விளக்கம். நூறு போலியை வாங்கினாலும் ஒரு மெய்ப்பொருளைத் தவறவிடலாகாது என்பது அவருடைய கணக்கு. பணத்தைக் கொண்டு பார்த்தால் இது அறியாமை. திரட்டு நிறைவு பெற வேண்டும் என்ற ஒன்றையே நோக்கமாகக் கொண்டவர்க்கு இதைவிடச் சிறந்த வழி இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அந்தத் தாராளம் போலித் தொழிலுக்கு நீர் பாய்ச்சியது என்ற பழியிலிருந்து அவரை முற்றும் விடுவிக்க இயலாது.

மெய்ப்பொருள்களும் வந்து சேர்ந்தன. 1873இல் பிரிட்டிஷ் கயானாவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுப் பழங்கடிதங்களில் மங்கிய செந்நிறத் தலை ஒன்றைக் கண்டெடுத்தான். இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய தலைகள் கிடைக்காமல் 1856இல் உள்ளூர்ச் செய்தித்தாள் அச்சகத்தில் அவசரமாக அச்சிட்ட ஒரு சென்ட் தலை அது. எண்கோணமாக வெட்டுண்டு, அழகின்றி இருந்ததால் சிறுவன் ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். சில ஆண்டுகளில் அது இலிவர்பூல் வணிகர் ஒருவர் வழியாக ஃபெராரியிடம் வந்தது. அந்த மதிப்பில் இரண்டாவது தலை ஒன்று மெய்யென ஒப்புக்கொள்ளப்பட்டதாக இன்றுவரை இல்லை. 1855ஆம் ஆண்டின் சுவீடன் தலை இன்னொன்று: பச்சையில் இருக்க வேண்டிய மூன்று ஸ்கில்லிங் தலை எப்படியோ மஞ்சளில் அச்சாகிவிட்டது; அதுவும் ஒன்றே ஒன்றுதான் அறியப்பட்டுள்ளது. வியன்னா வணிகர் சீக்மண்ட் ஃப்ரீடல் 1894இல் அதை ஃபெராரிக்கு விற்றார். மொரீஷியஸ் தலைகளும் ஹவாய்த் தீவில் 1851இல் வெளியான சமயப் பணியாளர் தலைகளும் அதே அலமாரிகளில் இருந்தன.

வயது ஏற ஏற, இத்தனையும் தமக்குப்பின் என்னாகும் என்ற கவலை அவரைப் பற்றிக்கொண்டது. மணமில்லை, மக்கள் இல்லை. முன்மாதிரி ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் டேப்ளிங் 1891இல் இளவயதில் இறந்தபோது தம் திரட்டை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தார். அது சிதறாமல் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. ஃபெராரி தேர்ந்தது பெர்லின் நகரின் அஞ்சல் அருங்காட்சியகம். ஹைன்ரிஹ் ஃபன் ஸ்டெஃபான் 1872இல் நிறுவிய அக்கூடம் உலகின் அஞ்சல் அருங்காட்சியகங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று. எல்லா நாடுகளின் கடிதங்களையும் ஒரே ஒழுங்கில் இணைத்த உலக அஞ்சல் ஒன்றியம் 1874இல் பிறக்க முன்னின்றவரும் அதே ஸ்டெஃபான்தான். இந்தியா அதில் 1876இல் சேர்ந்தது. உலகத் தபாலின் நினைவுகளை உலகத் தபாலை ஒன்றாக்கியவரின் கூடத்தில் வைப்பது என்ற எண்ணத்தில் குறை காண இயலாது. காலம்தான் பொருந்தவில்லை.

1914இல் போர் மூண்டது. ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் ஒருபுறம், பிரான்ஸ் மறுபுறம். ஃபெராரி சுவிட்சர்லாந்துக்குச் சென்றுவிட்டார். திரட்டு பாரிஸில் தங்கிவிட்டது. 1915 ஜனவரியில் எழுதிய உயிலில் அது பெர்லின் கூடத்துக்கே என்று உறுதி செய்தார். பராமரிப்புக்குப் பணமும் ஒதுக்கினார். பகை நாட்டின் தலைநகரில் கிடக்கும் பொருளை அதன் எதிரியின் தலைநகருக்கு எழுதிவைப்பது நடவாத காரியம் என்பதை அவர் உணராமலிருந்திருக்க முடியாது. போர் முடிந்தபின் எல்லாம் சீராகும் என்று நம்பினார் போலும். முடிவைக் காண அவர் இருக்கவில்லை. 1917 மே 20 அன்று லோசான் நகரில் மறைந்தார், அகவை அறுபத்தேழு.

பிரெஞ்சு அரசு திரட்டைப் பகைவர் சொத்தெனப் பறிமுதல் செய்தது. சுவிஸ் குடியுரிமை அவருக்குக் கைகொடுக்கவில்லை. ஆஸ்திரியக் குடியுரிமையும் ஜெர்மானிய வாரிசும் மட்டுமே கணக்கில் வந்தன. 1921 ஜூனில் பாரிஸின் துருவோ ஏலக்கூடத்தில் விற்பனை தொடங்கிற்று. பல ஆண்டுகளுக்குப் பரவிய பதினான்கு ஏலங்கள் நடந்தன. கிடைத்த பணம் ஜெர்மனி தரவேண்டிய போர் இழப்பீட்டில் வரவு வைக்கப்பட்டது. ஐம்பதாண்டுக் காலம் ஒருவர் கூட்டியதை நான்கைந்து ஆண்டுகளில் உலகம் பங்கிட்டுக்கொண்டது. கயானாத் தலையை 1922இல் அமெரிக்க ஆலை முதலாளி ஆர்தர் ஹைண்ட் முப்பதாயிரம் டாலருக்கும் மேல் கொடுத்து எடுத்தார். சுவீடன் மஞ்சள் தலை சுவீடன் நாட்டுச் சேகரிப்பாளரிடமே போயிற்று.

இதைக் கொடுமை என்று சொல்வதற்கு முன் ஒன்றையும் நினைத்தாக வேண்டும். பெர்லினுக்குப் போயிருந்தால் திரட்டு முழுமையாகத் தப்பியிருக்குமா? இரண்டாம் உலகப் போரில் அந்த அருங்காட்சியகத்தின் அரிய தலைகள் சுரங்கம் ஒன்றில் மறைத்துவைக்கப்பட்டன. அவற்றுள் மொரீஷியஸ் தலைகள் உட்பட எட்டு, போரின் குழப்பத்தில் காணாமற்போய், 1970களில் அமெரிக்காவில் வெளிப்பட்டு, 1990இல்தான் ஜெர்மனிக்குத் திரும்பின. அதே சமயம், ஏலத்தில் சிதறியதால்தான் பல நாட்டுச் சேகரிப்பாளர்கள் அப்பொருள்களை முதன்முறையாகக் கையில் வைத்து ஆராய்ந்தனர் என்பதும் உண்மை. ஃபெராரி வேண்டியது அதுவன்று. அவருடைய விருப்பம் எல்லாம் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்பதே. அது ஒரு நாள்கூட நிறைவேறவில்லை.

கயானாத் தலை இருபதாம் நூற்றாண்டில் பலர் கைமாறி, 2014இல் தொண்ணூற்றைந்து இலட்சம் டாலருக்கும், 2021இல் எண்பத்துமூன்று இலட்சம் டாலருக்கும் விலைபோயிற்று. அதை வைத்திருந்தவர்களுள் பலர் பின்புறத்தில் தம் அடையாளத்தை இட்டுச் சென்றுள்ளனர். ஒருவர் பென்சிலால் பெயரின் முதலெழுத்துகளை எழுதினார். காலணித் தொழிலில் புகழ்பெற்ற ஒருவர் உயர்குதிகாலணி ஒன்றை வரைந்துவைத்தார். அவற்றுக்கிடையே மூன்று இலைகள் கொண்ட சிறு முத்திரை ஒன்றும் தெரிகிறது. அது ஃபெராரியுடையது.