பேரனுக்காக வாழ்ந்த அரசி

திருச்சி மலைக்கோட்டை அருகே உள்ள பழைய அரண்மனை மண்டபம் இன்றும் இராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அன்பர்களே, அவரது வாழ்வை நாம் சற்றே சிந்திப்போம்.

1682-இல் கணவர் சொக்கநாத நாயக்கர் மறைந்தார். உடன்கட்டை ஏறுவது பெருமையாக எண்ணப்பட்ட காலம் அது. மங்கம்மாளோ மகன் முத்துவீரப்பருக்காக உயிர்வாழத் துணிந்தார். 1689-இல் அம்மகனும் பெரியம்மையால் இறந்தார். அதன்பின் பிறந்த பேரன் விஜயரங்க சொக்கநாதன் தாயையும் விரைவில் இழந்தான். அக்கைக்குழந்தைக்கு முடிசூட்டி, அவன் பெயரால் ஆட்சிப் பொறுப்பைப் பாட்டியே பல ஆண்டுகள் சுமந்தார். சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். மறவர் நாட்டில் சிறைப்பட்ட மெல்லோ அடிகளார் விடுதலை பெறவும் உதவினார்.

வளர்ந்த பேரனோடு மனக்கசப்பு ஏற்பட்டு, அவர் துயரத்தில் மறைந்தார் என்பது வழிவழிச் செய்தி. அப்பேரனின் உருவச்சிலையைத் திருவரங்கம் கோவிலில் இன்றும் காணலாம்.

அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் பிள்ளைக்காகத் தன்னை மறப்பது சிலுவை கற்பிக்கும் பாடமே. ஒருநாள் உயிரைக் கொடுப்பதிலும், நாள்தோறும் வாழ்வைக் கொடுப்பது கடினம். பெற்றோராகிய நாமும் கைம்மாறு கருதாமல் பிள்ளைகளை வளர்க்க இறைவனிடம் வரம் கேட்போம்.